பஞ்சாரமும் பயர் ஆபீஸும்

பட்டாசு ஆலை வேனைவிட்டு இறங்கி, வீட்டில் உலை வைத்துவிட்டு, ஈரத்தலையோடு இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களைப் பற்றியது இன்றைய பேச்சு.

சிவகாசி என்றதும் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டாசு, தீப்பெட்டி, அச்சகம் என்ற மூன்றுதான் நினைவுக்கு வரும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுவந்த வரலாற்றைச் சொல்வார்கள். குட்டி ஜப்பான் என்பார்கள். எல்லாம் சரி. ஆனால் அந்தத் தொழிலில் கையைக் கருக்கிக்கொள்ளும் பெண் மாலையில் வீடு திரும்பியதும் முதலில் எங்கே போகிறாள்? கொல்லைக்குத்தான் போகிறாள். கோழி அடைந்துவிட்டதா, குஞ்சு குறைகிறதா, பூனை எங்கே சுருண்டிருக்கிறது என்று பார்க்கிறாள். அதன்பிறகுதான் பாத்திரத்தைக் கையில் எடுக்கிறாள். கால்நடைத் துறையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல், மாரனேரி என்று இந்தப் பக்கத்து ஊர்களின் கொல்லைகளில் நான் நின்றிருக்கிறேன். பயர் ஆபீஸ் என்று நாம் சொல்லும் பட்டாசு ஆலையின் ஏற்ற இறக்கத்தை, கோழியை மூடும் பஞ்சாரக் கூடையைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அங்கே நின்று நான் அறிந்துகொண்டது. பயர் ஆபீஸ் மும்முரமாக ஓடுகிற மாதங்களில் கோழி குறைகிறது. வேலை நின்ற மாதங்களில் கோழி பெருகுகிறது. பிறகு அதே கோழிதான் வீட்டைக் காப்பாற்றக் கடைக்குப் போகிறது. ஏன் இப்படி என்பதைத்தான் கொஞ்ச நேரம் பேசப் போகிறேன்.

விடியலிலிருந்து தொடங்குவோம். இந்த மண்ணில் சேவல் கூவுவதைக் கேட்டுப் பெண்கள் எழுவது புதிதல்ல. நமது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள், நப்பின்னைப் பிராட்டியை எழுப்பும் திருப்பாவைப் பாசுரத்தில், எங்கும் கோழி கூவிவிட்டதே என்று சாட்சி சொல்கிறாள். ஜப்பானில் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-ல் ஒன்றைக் கண்டறிந்தார்கள். சேவலுக்கு வெளிச்சமே காட்டாமல் வைத்திருந்தாலும் அது தன் நேரத்துக்குக் கூவுகிறது. உடம்புக்குள்ளேயே அதற்கு ஒரு கடிகாரம் ஓடுகிறது. 2015-ல் அவர்களே இன்னொன்றையும் சொன்னார்கள்: கூட்டத்தில் பெரிய சேவல்தான் முதலில் கூவும், மற்றவை தங்கள் தகுதி வரிசைப்படி அதன்பின் கூவும். நம் ஊர்க் கிழவிகள் இதைக் கேட்டால், "இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி, எங்க வீட்டுச் சேவல் கூவாம பக்கத்து வீட்டுச் சின்னச் சேவல் வாயைத் திறக்குமா?" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு அது.

அந்தக் கூவலுக்கு எழுந்த பெண் சோறு பொங்கி, தூக்குவாளியில் அடைத்து, பிள்ளைகளுக்கு எடுத்துவைத்து, வேன் ஹாரன் அடிப்பதற்குள் பஞ்சாரத்தைத் திறந்துவிட்டு ஓடுகிறாள். வெடிமருந்து அறைகளில் விளக்கு வைத்து வேலை செய்ய முடியாது. பகல் வெளிச்சம்தான் கணக்கு. அதனால் காலை சீக்கிரம் போக வேண்டும். சூரியன் முழுதாக வராத அந்த நேரத்தில் திறந்துவிடப்பட்ட கோழி அன்று முழுக்கத் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

இங்கே வளர்கிற கோழி பெரும்பாலும் சிறுவிடை. உடம்பு சின்னது, கால் குட்டை, ஓட்டம் அதிகம். நாமக்கல் பண்ணைக் கோழி ஆண்டுக்கு 300 முட்டைக்கு மேல் இடும். நமது சிறுவிடை 60, 70, நன்றாகப் பார்த்தால் 80. கணக்கு மட்டும் பார்ப்பவருக்கு இது நட்டக் கோழி. ஆனால் பண்ணைக் கோழிக்குத் தீவனம், கூண்டு, மருந்து, மின்சாரம் எல்லாம் பணம். சிறுவிடைக்கு அரிசிக் குருணை ஒரு கை, சோறு வடித்ததில் மிச்சம், மீதியெல்லாம் கரையான், புல்விதை, குப்பைக்குழிப் புழு. பண்ணைக் கோழி அடைகாக்கவே மறந்துவிட்டது. அந்தக் குணத்தை இனப்பெருக்கத்திலேயே கழித்துவிட்டார்கள். நம் கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டதும் கேற ஆரம்பிக்கும், அவயத்துக்குப் படுக்கும், 21 நாளில் குஞ்சோடு எழும்பும். பட்டாசுத் தொழிலாளி வீட்டில் முதலீடு போடாமல் பெருகுகிற சொத்து இது ஒன்றுதான்.

இந்தச் சொத்து யாருடையது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிலம் இருந்தால் ஆண் பெயரில் இருக்கும். வீட்டுப் பத்திரம் அப்படியே. நகை அடகுக் கடையில் இருக்கும். வாரக் கூலி கைக்கு வருமுன்பே குழுக் கடனுக்குப் பாதி போய்விடும். கோழி மட்டும் பெண்ணுடையது. எதை அவயம் வைப்பது, எந்த வெடையை விற்பது, எந்தச் சேவலை இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துவிடுவது என்று முடிவு செய்பவள் அவள். கோழி வைத்திருக்கும் அக்கா, இல்லாத மதினிக்கு ஒரு வெடையை வாரத்துக்கு விடுகிறாள். குஞ்சு பொரித்ததும் பாதிப் பாதி. எழுத்து இல்லை, கையெழுத்து இல்லை, வட்டி இல்லை. இந்த மாவட்டத்தில் பெண்கள் தமக்குள் வைத்துக்கொண்ட மிகப் பழைய வங்கி அதுதான்.

அந்த வங்கி எப்போது வேலை செய்யும் என்பதை 2018-ல் எல்லோரும் பார்த்தோம். அக்டோபர் 23-ம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் உப்புக்குத் தடை, சரவெடிக்குத் தடை, இனிப் பசுமைப் பட்டாசு மட்டுமே. தீபாவளி முடிந்ததும் ஆலைகள் மூடின. வழக்கமாகச் சில வாரங்களில் பூஜை போட்டுத் திறப்பார்கள். அந்த முறை மாதக்கணக்கில் திறக்கவில்லை. தீர்ப்பின் நியாயத்தை நான் இங்கே வாதிடவில்லை. டெல்லியில் ஒரு குழந்தை மூச்சுவிட வேண்டும் என்பதும் நியாயம்தான். ஆனால் இங்கே அந்தக் கார்த்திகை, மார்கழியில் என்ன நடந்தது? வீட்டிலிருந்த பெண்கள் கோழியைப் பார்த்தார்கள். நாள் முழுக்கக் கண் இருந்ததால் குஞ்சுகள் தப்பின. ஒரு கோழிக்கு இரண்டு குஞ்சு நின்ற வீட்டில் ஏழெட்டு நின்றன. தை பிறந்தபோது அவை வெடையாகவும் சேவலாகவும் ஆகியிருந்தன. அப்புறம் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. மளிகைக் கடைப் பாக்கிக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, குழுவில் வாரத் தவணைக்கு ஒன்று. ஆலை திறந்தபோது பல பஞ்சாரங்களில் தாய்க்கோழி மட்டும்தான் இருந்தது. தாய்க்கோழியை விற்காமல் பசியைப் பொறுத்த வீடுகள்தான் மறுபடி எழுந்தன.

2020 மார்ச்சில் பொதுமுடக்கம் வந்தது. கோழிக்கறியால் கொரோனா பரவும் என்ற பொய் அதற்கு முன்பே கிளம்பி, பிராய்லர் விலை சரிந்து, பண்ணைக்காரர்கள் தவித்தார்கள். கொல்லைக் கோழிக்கு அந்தச் சரிவு பெரிதாகத் தட்டவில்லை. வாங்குபவர் தெருவிலேயே இருந்தார். அடுத்தவேளைச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஒரு முட்டை கிடைத்த வீடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

இப்போது அவயத்தைப் பற்றி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த அறிவு நம் கண்முன்னே குறைந்துவருகிறது. பழைய கூடையில் மணலும் வைக்கோலும் போட்டு முட்டைகளை அடுக்குவார்கள். அடியில் ஒரு இரும்புத் துண்டு, அடுப்புக்கரி, இரண்டு மிளகாய் வத்தல். இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடும், இரும்பும் கரியும் அதைத் தடுக்கும் என்பது நம்பிக்கை. இரும்பு இடியைத் தடுக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கரி ஈரத்தை இழுக்கும், வத்தல் எறும்பை விரட்ட உதவும், இரும்பு வைக்கக் குனிகிற கை அப்படியே முட்டையையும் தொட்டுப் பார்க்கும். ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சிவப்பு நரம்பு ஓடினால் உயிர். பொரிக்கிற நாள் நெருங்கும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் முட்டையை மிதக்கவிட்டு, ஆடுகிறதா என்று பார்க்கிற பெரியம்மாக்கள் உண்டு. உள்ளே குஞ்சு அசைந்தால் முட்டை ஆடும். ஓட்டை உடைத்து வெளியே வருவதற்கு முன்பே குஞ்சு உள்ளிருந்து கீச்சிடத் தொடங்கும், தாய் அதற்குக் குரல் கொடுக்கும். அதைக் காதை வைத்துக் கேட்டிருக்கிறவர்கள் இந்த அவையில் நிச்சயம் இருப்பார்கள்.

இடிக்குப் பயந்த ஊர் வெடிக்கு நடுவில் வாழ்கிறது. இந்தியச் சட்டப்படி ஒரு பட்டாசின் சத்தம் வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. அதுவே காதைப் பிளக்கும் சத்தம். தீபாவளியன்று கோழிகள் முட்டையை அடக்கிக்கொள்ளும், ஓடு கோணலாக வரும், அவயக் கோழி கூடையைவிட்டு ஓடிவிடும். ஓடிய கோழி அரைமணி நேரத்தில் திரும்பினால் முட்டை தாங்கும். இரவெல்லாம் வராவிட்டால் முட்டை போச்சு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பு அவயம் வைக்க மாட்டார்கள்.

கோழியின் காதைப் பற்றி ஓர் அதிசயம் உண்டு. பெரும் சத்தத்தால் உட்செவியில் ஒலியை வாங்கும் நுண்மயிர் அணுக்கள் செத்துப்போகும். மனிதனுக்கு அவை ஒருமுறை போனால் போனதுதான். கோழிக்கு அவை மறுபடி முளைக்கின்றன. 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் கோழிக்குஞ்சுகளிடம் இதைக் கண்டபோது மருத்துவ உலகமே திரும்பிப் பார்த்தது. செவிடு நீக்கும் வழியை அன்றிலிருந்து கோழியிடம் தேடுகிறார்கள். பட்டாசு வெடித்துச் சோதிக்கிற இடத்தில் பல ஆண்டு நின்று, இன்று மனைவி கூப்பிடுவது கேட்காமல் இருக்கிற அண்ணன்மார்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுக் கோழிக்குத் தீபாவளி முடிந்து சில வாரங்களில் காது திரும்பிவிடுகிறது. அவர்களுக்குத் திரும்பாது. காதடைப்பான் போடுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும்.

பூனைக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. நாம் நொடிக்கு 20,000 அதிர்வு வரைதான் கேட்போம். பூனை 60,000-க்கு மேலும் கேட்கும். சுவருக்குள் எலிக்குஞ்சு கீச்சிடுவதைப் பிடிக்க அமைந்த காது அது. அதை வைத்துக்கொண்டு ஐப்பசி மாதத்தைக் கடப்பது அதற்குப் பெரும்பாடு. தீபாவளிக்கு முதல்நாளே பரணுக்கோ நெல்மூட்டைச் சந்துக்கோ போய், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடக்கும். தேடி இழுக்காதீர்கள். அங்கேயே தண்ணீர் வைத்தால் போதும்.

பூனை எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்தப் பக்கத்துத் தொழிலே பதில் சொல்லும். வீட்டில் காகிதக் குழாய் உருட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள். மைதாப் பசை தடவி உருட்டிக் காயவைத்த குழாய் எலிக்குப் பலகாரம். ஒரு ராத்திரியில் ஒரு வாரக் கூலியைக் கடித்துப் போட்டுவிடும். எலிப்பாஷாணம் வைக்கலாமே என்றால், செத்த எலியைக் கோழி கொத்தும், பிள்ளை தொடும். பூனைதான் அங்கே சரியான காவல். அதே எலி ராத்திரியில் முட்டையை உருட்டும், குஞ்சின் காலைக் கடிக்கும். ஆக, பூனை காப்பது கோழியையும்தான். பெருச்சாளி விஷயத்தில் மட்டும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். உடம்பு பெருத்த பெருச்சாளியிடம் பெரும்பாலான பூனைகள் வம்புக்குப் போவதில்லை. அதற்குப் பொந்தை அடைப்பதுதான் வழி. பசையைப் பற்றி இன்னொரு வார்த்தை. பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பதுண்டு. கலந்த பசைச் சட்டியைத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது கோழிக்கு நஞ்சு.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பிராணிகளையும் மனிதனிடம் கொண்டுவந்து சேர்த்தது ஒரே பொருள்தான். தானியம். மேற்கு ஆசியாவில் முதல் உழவர்கள் களஞ்சியம் வைத்ததும் எலி வந்தது, எலியைத் தேடிக் காட்டுப் பூனை வந்தது. சைப்ரஸ் தீவில் 9,500 ஆண்டுக்கு முந்திய புதைகுழி ஒன்றில் மனிதரோடு பூனையும் கிடத்தப்பட்டிருந்தது. கோழிக்கு அவ்வளவு வயதில்லை. தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற ஊரில் சுமார் 3,500 ஆண்டுக்கு முந்திய எலும்புகள்தான் வீட்டுக் கோழிக்கு உறுதியான முதல் சான்று என்று 2022-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நெல்லும் தினையும் விளைந்த வயலோரம் செங்காட்டுக் கோழி மேய வந்து, அப்படியே தங்கிவிட்டது. நமக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. உலகின் பெரும்பாலான கோழிகளுக்கு இருக்கிற மஞ்சள் தோல், செங்காட்டுக் கோழியிடமிருந்து வந்ததல்ல, தென்னிந்தியாவின் சாம்பல் காட்டுக் கோழியிடமிருந்து வந்தது என்று 2008-ல் மரபணு ஆய்வு காட்டியது. அந்தச் சாம்பல் காட்டுக் கோழி இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் கத்திக்கொண்டிருக்கிறது. செண்பகத்தோப்புப் பக்கம் காலையில் போனால் கேட்கலாம்.

தானியத்துக்காக வந்த இருவரும் ஒரே முற்றத்தில் பகையாளிகளாகவே இருக்கிறார்கள். இதைச் சங்க காலத்திலேயே ஒரு பெண் எழுதிவைத்திருக்கிறாள். சிவகங்கைப் பக்கத்து ஒக்கூரைச் சேர்ந்த மாசாத்தியார். குறுந்தொகையின் 139-ம் பாட்டு. பொழுது சாய்கிறது. வேலியோரம் வெருகுப் பூனைகள் வந்துவிட்டன. வீட்டுப் பெட்டைக்கோழி அதைப் பார்த்துவிட்டது. எங்கே ஒளிவதென்று தெரியாமல் குஞ்சுகளைச் சேர்த்துக்கொள்ளக் கத்துகிறது. பரத்தையிடம் போய்த் திரும்புகிற தலைவனிடம் தோழி, அந்தக் கோழியின் கத்தலைப் போலக் காதுக்கு இன்னாத ஊர்ப்பேச்சைச் சுமந்துகொண்டு எங்கள் தெருவுக்கு வராதே என்கிறாள். உவமை எதற்கு வந்தது என்பதை விட்டுவிடுவோம். அந்த அந்தியைப் பாருங்கள். கொல்லையில் நின்று பஞ்சாரம் கவிழ்த்துப் பழகிய ஒருத்திக்குத்தான் அந்தக் காட்சி அவ்வளவு துல்லியமாகத் தெரியும். ஆந்தைக் கத்தலுக்கும் பருந்து நிழலுக்கும் கோழி எழுப்பும் குரல் வேறு, தரையில் வரும் பூனைக்கும் கீரிக்கும் எழுப்பும் குரல் வேறு. சமையலறையிலிருந்தே, "பூனைடா, விரட்டு" என்று அம்மா சத்தம் போடுவது அந்தக் குரலைக் கேட்டுத்தான்.

அந்தி என்ற அந்த நேரத்தில்தான் என் பேச்சின் முடிச்சு இருக்கிறது. பூனை வேட்டைக்குக் கிளம்புவது விடிகாலையிலும் அந்தியிலும். கோழி பஞ்சாரத்தைவிட்டு வெளியே வருவதும் அடைவதும் அதே நேரங்களில். பயர் ஆபீஸ் வேன் எடுப்பதும் திரும்புவதும் அதே நேரங்களில். ஆடி பிறந்து ஆர்டர் குவிந்துவிட்டால் பேக்கிங்கில் வேலை நீளும். வேன் ஊர் ஊராக இறக்கிவிட்டுக் கடைசி ஊருக்கு வரும்போது இருட்டியிருக்கும். ஆறு மணிக்கு அடைய வந்த கோழி, திறந்து கிடக்கும் கொட்டடியில் குஞ்சுகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். பஞ்சாரம் கவிழ்க்க ஆள் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் கீரியும் ஊர்க்கடுவனும் வேலையை முடித்துவிடும். ஆவணி, புரட்டாசியில் கையில் காசு நன்றாகப் புழங்கும்போது கொல்லை காலியாவதன் காரணம் இதுதான். கோழி ராசி இல்லை என்று சொல்லிக்கொள்வார்கள். ராசிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. வீட்டில் கண் இல்லை, அவ்வளவுதான்.

என்ன செய்யலாம்? பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையிடமோ வீட்டிலிருக்கும் தாத்தாவிடமோ பஞ்சாரப் பொறுப்பைக் கொடுங்கள். பஞ்சாரத்தின் மேல் கல் வையுங்கள். முதல் நான்கு வாரம் குஞ்சுகளை வலைக்குள்ளேயே வளருங்கள். அதைத் தாண்டிய குஞ்சைப் பூனை எளிதில் தொடாது. வீட்டுப் பூனைக்குச் சாயங்காலச் சோறு தவறக் கூடாது. வெறும் மோர்ச்சோறு போதாது. பூனையின் உடம்புக்கு டாரின் என்ற சத்து வேண்டும், அது மாமிசத்திலும் மீனிலும்தான் இருக்கிறது. அது குறைந்தால் பூனைக்குக் கண் போகும் என்பதை 1975-லேயே கண்டறிந்திருக்கிறார்கள். கருவாட்டுத் தலை, மீன் முள்ளில் ஒட்டிய சதை ஏதாவது சேருங்கள். குட்டி போட்ட பூனைக்குப் பசி இரண்டு மடங்கு. சின்னஞ்சிறு வயதிலேயே தாய்க்கோழியிடம் மூக்கில் ஒரு கொத்து வாங்கிய பூனைக்குட்டி, வளர்ந்தபிறகு குஞ்சுக் கோழியைச் சுற்றிப் போகும். அந்தப் பாடத்தைக் கோழியே நடத்தட்டும், நாம் குறுக்கே போக வேண்டாம். பூனை கடித்தாலும் தோல் கீறப் பிறாண்டினாலும் நாய்க்கடியைப் போலவே எடுத்துக்கொள்ளுங்கள். சோப்புப் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அரசு மருத்துவமனைக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு உட்காராதீர்கள்.

இந்தத் தொழில் உயிர் வாங்குவதைப் பேசாமல் இந்த மேடையைவிட்டு இறங்க முடியாது. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் ஏறத்தாழ 40 பேர் போனார்கள். முதல் வெடிப்பைக் கேட்டு உதவிக்கு ஓடிய ஊர்க்காரர்களும் அதில் இருந்தார்கள். 2021 பிப்ரவரி 12-ம் தேதி அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். அப்படிப்பட்ட வீடுகளில் முதல் சில நாள் யாரும் கொல்லைப்பக்கம் போவதில்லை. பக்கத்து வீட்டு மதினிதான் வந்து பஞ்சாரத்தைத் திறந்துவிட்டு, தன் வீட்டுக் குருணையை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை அந்தக் கோழிகள் அவள் பொறுப்பு. இழப்பீட்டுப் பட்டியலில் இதற்கு இடமில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் திரும்பிப் பார்க்கும்போது ஏதோ ஒன்று அழியாமல் இருந்தது என்பது அந்த மதினி செய்த காரியம். அதை நான் மனதார வணங்குகிறேன்.

கடைசியாக, பூனையும் கீரியும் சேர்ந்து எடுப்பதைவிடப் பல மடங்கு எடுக்கிற ஒன்றைப் பற்றி. வெள்ளைக் கழிச்சல். புத்தகத்தில் இராணிக்கெட் நோய் என்று இருக்கும். கோடை தொடங்கும்போது தெருவுக்குள் நுழையும். கோழி இறகைத் தொங்கப்போட்டு உறங்கிவழியும், வெள்ளையும் பச்சையுமாகக் கழியும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். ஒரு வாரத்தில் தெருவே காலி. வேப்பிலையும் சின்ன வெங்காயமும் கோழிக்கு நல்லதுதான், கொடுங்கள். ஆனால் கழிச்சல் வந்தபிறகு அதற்கு மருந்து கிடையாது. வருமுன் தடுப்பூசி ஒன்றே வழி. குஞ்சுக்கு முதல் வாரத்தில் லசோட்டா, கண்ணிலும் மூக்கிலும் சொட்டு. எட்டாம் வாரத்தில் ஆர்2பி, இறக்கைக்கடியில் தோலுக்குள் ஊசி. கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் இரண்டு வாரம் முகாம் நடத்தி இதை இலவசமாகவே போடுகிறது. மருந்து நம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இயங்கிவரும் நிலையத்திலேயே தயாராகிறது.

கழிச்சலில் செத்த கோழியைக் குப்பைமேட்டில் எறிவதும், பூனைக்குப் போடுவதும் இனி வேண்டாம். செத்தது கழிச்சலிலா பறவைக் காய்ச்சலிலா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் பூனையையும் தாக்கும். எச்5என்1 கிருமி தாய்லாந்தில் 2004-ல் பூனைகளையும் புலிகளையும் கொன்றது. நம் நாட்டிலேயே 2025 தொடக்கத்தில் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் வீட்டுப் பூனைகளுக்கு அது வந்தது. ஒரே நாளில் நாலைந்து கோழி செத்தால் ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்துவிட்டு, கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். கையைக் கழுவுங்கள்.

கிராமப் பெண்களுக்கு நாலு வாரம் வளர்ந்த நாட்டுக் கோழிக் குஞ்சுகளைப் பாதி விலைக்குக் கொடுக்கும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. வீட்டுக்கு 40 குஞ்சு. வரவேற்கிறேன். ஆனால் தடுப்பூசி போடாத தெருவில் 40 குஞ்சை இறக்குவது கழிச்சலுக்கு விருந்து வைப்பதாகத்தான் முடியும். இலவச ஊசி இருந்தும் நம் தெருக்களில் ஏன் போடப்படுவதில்லை என்று கேட்டால், விடை மறுபடியும் வேன் நேரத்தில்தான் வந்து நிற்கிறது. முகாம் வாரநாளில் பகல் 10 மணிக்கு நடக்கிறது. அப்போது பெண் பயர் ஆபீஸில் இருக்கிறாள், கோழி காட்டில் மேய்கிறது. வீட்டிலிருக்கும் தாத்தாவால் ஓடிப் பிடிக்க முடியுமா? மருந்துக் கடையில் வாங்கிப் போடலாமென்றால், ஒரு குப்பியில் 100 கோழிக்கு மேல் போடும் அளவு மருந்து இருக்கிறது. கலக்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், அதுவரை ஐஸில் இருக்க வேண்டும். எட்டுக் கோழிக்காரி ஒரு குப்பியை வாங்கி என்ன செய்வாள்?

அதனால் ஊராட்சித் தலைவர்களிடமும், இங்கே வந்திருக்கும் துறை நண்பர்களிடமும் ஒரு கோரிக்கை வைக்கிறேன். பட்டாசு ஊர்களில் முகாமை ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் வையுங்கள், பஞ்சாரம் திறப்பதற்கு முன். கோழிகள் உள்ளேயே இருக்கும், பெண்கள் வீட்டில் இருப்பார்கள், ஒரு தெருவை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம். தாய்மார்களிடம் ஒரு கோரிக்கை. தெருவுக்குப் பத்து வீடு சேர்ந்து, யார் வீட்டில் எத்தனை குஞ்சு, எத்தனை பெரிய கோழி என்று ஒரு நோட்டில் எழுதி, தை முடிவதற்குள் மருந்தகத்தில் கொடுத்துவிடுங்கள். குழுக் கூட்டத்துக்கு வரும்போதே எழுதிவிடலாம். ஊசி போடுவதை மருந்தக ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். ஐஸ் பெட்டிக்கு மட்டும் ஊரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். குளிர்பானக் கடை வைத்திருப்பவர்கள் இந்த அவையில் இருந்தால், பேச்சு முடிந்ததும் வந்து பெயர் கொடுங்கள். நான் இங்கேதான் இருப்பேன்.